ஒழுகாத வீடு

புண்ணிலிருந்து வாடை வரவில்லை.

பஞ்சும் மருந்துத் தண்ணீரும் எடுத்து வைத்து, ஆராவமுதனை இடப்பக்கமாக ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து, பழைய கட்டைப் பிரிக்கக் கை வைத்த பிறகுதான் காந்தாவுக்கு அது உறைத்தது. பதினோரு வருடமாகப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். படுக்கைப் புண் எந்த நாளில் எப்படி நாறும் என்பது அவள் மூக்குக்கே தெரியும். நேற்று சாயங்காலம் அவள் ஈஜிபுராவிலுள்ள தன் வீட்டுக்கு பஸ் பிடிக்கக் கிளம்பியபோது, கிழவரின் பின்னிடுப்பில் அந்தப் புண் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குழிந்து, ஓரம் கறுத்து, நீர் கசிந்து துணியை நனைத்துக்கொண்டிருந்தது. இன்று துணி உலர்ந்திருந்தது. பிரித்தாள். குழியே இல்லை.

குழி இருந்த இடத்தில் தோல் மாதிரி ஒன்று இருந்தது. கிழவரின் நிறம்தான், கொஞ்சம் செம்மை கூடுதல். சுற்றுத் தோலோடு எங்கே சேர்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி வழவழவென்றிருந்தது. தொட்டால் தண்ணீர்ப் பானையின் அடிப்பக்கம் போலச் சில்லிட்டது. ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டி, நகத்திடுக்கில் வந்ததை முகர்ந்து பார்த்தாள். கோடை கழிந்து முதல் மழை விழுந்த தரையின் வாசனை.

மண்.

மெதுவாகத் தலையைத் திருப்பி அறையின் மூலையைப் பார்த்தாள். மண்ணாள் அங்கேதான் நின்றிருந்தது.

பெங்களூரில் மண்ணாள் இல்லாத இடம் இப்போது குறைவு. மார்க்கெட்டில் மூட்டை இறக்குவது, மெட்ரோ தூணுக்குப் பள்ளம் தோண்டுவது, ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்கிக் கட்டில் மாற்றுவது எல்லாம் அவைதான். ஏரி மண்ணைப் பிசைந்து ஆள் உயரத்துக்கு வடித்து, நெஞ்சுக்குள் எழுத்துப் பொறித்த தகடு ஒன்றைப் பதித்து, மந்திரம் சொல்லி எழுப்பி அனுப்புகிறார்கள். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், சொன்னதைச் செய்யும். பாதாளச் சாக்கடைக்குள்ளும் இப்போது அவைதான் இறங்குகின்றன. காந்தாவின் தம்பி ஒக்கலிபுரத்தில் ஒரு குழிக்குள் இறங்கி, மூச்சு முட்டிச் செத்தது இவை வருவதற்கு இரண்டு வருடம் முன்னால். அதனால் கூட வேலை செய்யும் பெண்களைப் போல அவளால் மண்ணாளைத் திட்ட முடிந்ததில்லை. தெருவில் சேறு வழிய ஒன்று குழியிலிருந்து ஏறி வருவதைப் பார்த்தால் அவள் நின்றுவிடுவாள். இவன் அன்றே வந்திருக்கக் கூடாதா என்று நினைப்பாள்.

மல்லேஸ்வரத்தின் இந்தப் பழைய வீட்டு மண்ணாளை, தோட்ட வேலைக்கும் எடுபிடிக்குமென்று ஆராவமுதனே வாங்கியிருந்தார். அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவரைத் தூக்கவும் உட்காரவைக்கவும் அதுவே உதவியது. கட்டைவிரலை அழுத்தினாற்போல் இரண்டு கண்குழிகள், கிள்ளிவிட்ட மூக்கு. பேச வேண்டியதில்லை என்பதால் வாய் வைக்கவில்லை. இன்று அதன் வயிற்றின் இடப்பக்கத்தில் புதிதாக ஒரு பள்ளம் இருந்தது. நான்கு விரல்களால் வழித்தெடுத்த தடம்.

ஆராவமுதன் முகத்தைச் சுவரோடு அழுத்திக்கொண்டு கிடந்தார். அவருடைய நல்ல கை, இடக்கை, கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

மருமகள் பார்கவி கழுத்தில் ஹெட்போனோடு வந்து பார்த்தாள். அவளுக்கு மாடியில் ஆபீஸ் வேலை. இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவில்தான் கீழே இறங்குவாள். புண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள்.

"மேடம், இது ஆறினது இல்ல," என்றாள் காந்தா. "மண்ண வெச்சு அடச்சிருக்குது."

பார்கவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஆறிடுத்துன்னா உனக்கு இங்க வேலை இல்ல. அதானே?"

காந்தா பழைய கட்டைச் சுருட்டி எடுத்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு தனித் தம்ளர், பின்பக்க ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும். பதில் சொல்லும் இடம் எது, சொல்லாத இடம் எது என்று அந்தத் தம்ளரைப் பார்த்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, அபூர்வமான தேறுதல் என்று பதில் அனுப்பியிருப்பதாகச் சாயங்காலம் பார்கவியே வந்து சொல்லிக் காட்டினாள்.

மறுநாள் சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்த குழாய். அதன் வாயில் மண் மொட்டு மாதிரி உருண்டு, கல்லாய் இறுகியிருந்தது. குழாயையே உடைத்து மாற்ற வேண்டியதாயிற்று. பார்கவி அதைப் போனில் தன் அக்காவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். காந்தா பின்கட்டில் துணி அலசியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். போன மழைக்குக் கூரை ஒழுகி மாமனாரின் கட்டில் நனைந்துவிட்டதாம். மனுஷன் அன்றைக்கு ஆடின ஆட்டம் இருக்கிறதே என்றாள் பார்கவி. மண்ணாளைக் கூப்பிட்டு நிறுத்திவைத்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாராம்: "இனிமே இந்த ஆத்துல ஒரு சொட்டு ஒழுகப்படாது. எங்க ஒழுகினாலும் அடை." கத்தின ஒரு மணி நேரத்துக்குள் வாய் கோணிக்கொண்டு விழுந்தவர்தானாம். ஆனால் அன்றிலிருந்து கூரை ஒழுகவில்லை, விரிசல் விரிசலாகக் கூரையை அடைத்து முடித்துவிட்டு இப்போதுதான் கீழே இறங்கியிருக்கிறது, அதைச் சொல்லவேண்டும் என்று அவள் முடித்தாள்.

காந்தாவின் கையிலிருந்த துணி வாளிக்குள் நழுவி விழுந்தது.

எங்க ஒழுகினாலும்.

புதன்கிழமை காலை கிழவரின் வலது காது அடைந்திருந்தது. ஒரு வாரமாக அந்தக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. இப்போது துவாரமே இல்லை. காது மடலின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் போல வழவழப்பாக மூடியிருந்தது. பின்னூசியின் முனையால் குத்திப் பார்த்தாள். ஊசி வளைந்தது. கிழவர் அசையாமல் கிடந்தார். அவரது கண்கள் மட்டும் அவளைத் தாண்டி மூலைக்குப் போயின, அங்கேயே நின்றன, மறுபடி அவளிடம் வந்தன. அந்தப் பார்வையிலிருந்த பயத்தை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். இந்த மனிதர், அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து, அவள் கையால் கஞ்சி வாங்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர். ஒரு தடவை அவள் மார்பிலேயே துப்பியவர். இன்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

அன்று சாயங்காலம் அவர் மகன் ரகுராம் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ரகுராம் சத்தம் போடுகிற ஆளில்லை. களைத்துப்போன, எதையும் நாளைக்குத் தள்ளுகிற மனிதன். அப்பா சொன்னது வீட்டுக்குத்தானே, மனுஷாளுக்கு இல்லையே என்றான். அதுக்கு வித்தியாசம் தெரியுமா என்று அவள் கேட்டதும் எழுந்து அப்பாவின் அறைக்கு வந்தான். பிறகு அவளுக்கெதிரிலேயே மண்ணாளிடம், அப்பாவின் உடம்பை அடைக்கக் கூடாது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். அது வழக்கம்போல் நின்றது. கண்குழிகளில் விளக்கொளி விழவில்லை.

வியாழக்கிழமை காலை கிழவருக்கு ஜலதோஷம். ஒரு மூக்கு அடைந்திருந்தது. சளியால் அல்ல.

ஒற்றைத் துவாரத்தில் மூச்சு கீச்சென்று போய் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி காந்தா வெகுநேரம் கட்டில் பக்கத்தில் நின்றாள். பிறகு வீட்டு வாசலில் ஒட்டியிருந்த மண்ணாள் சர்வீஸ் நம்பருக்கு போன் செய்தாள். எடுத்தவன் பெயர் கிரண். கன்னடக்காரப் பையன், தமிழ் நன்றாகப் பேசினான். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"அக்கா, முதல்ல சொன்னதுதான் நிக்கும்," என்றான். "அதுக்கு இடிக்கிற மாதிரி பின்னால யார் சொன்னாலும் கேட்காது. சொன்னவரே அது எதிர்ல, தன் வாயால 'விட்டேன்'னு சொல்லணும். கொத்தாயிதா, புரியுதா?"

"அவருக்குப் பேச்சே வராதுப்பா."



"அப்ப சூளையில வெச்சு சுட்டு அடக்கணும்," என்றான் கிரண். "அதுக்கு ஓனர் கையெழுத்து வேணும் அக்கா. உங்க பேச்ச வெச்சு நான் வர முடியாது."

சாயங்காலம் அவள் இதைச் சொன்னபோது ரகுராம் கையெழுத்துப் போட்டிருப்பானோ என்னவோ. பார்கவி விடவில்லை. மண்ணாளை அனுப்பிவிட்டால் மாமனாரை யார் தூக்குவது என்றாள். மழைக்காலத்தில் கூரைக்கு யார் பதில் சொல்வது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, காந்தாவைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்து, காதிலும் மூக்கிலும் மண் இருப்பதை முதலில் பார்ப்பது எப்போதும் இவளாகவே இருக்கிறதே, அது எப்படி என்று கேட்டாள். திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் அனுப்பும்படி ஏஜென்சிக்குச் சொல்லியாயிற்று என்று அன்று இரவு காந்தாவுக்கு மெசேஜ் வந்தது.

அவள் வெள்ளிக்கிழமை வராமலே இருந்திருக்கலாம். கணவன் சந்திரன் அப்படித்தான் சொன்னான். ராத்திரியெல்லாம் அவள் காதில் அந்த ஒற்றை மூச்சின் கீச்சொலி. குழிக்குள் தம்பிக்குக் கடைசியில் மூச்சு எப்படி வந்து போயிருக்கும் என்று அவள் பல வருடங்களாக யோசித்திருக்கிறாள். இப்போது அது அப்படித்தான் இருந்திருக்கும் என்று பட்டது. காலையில் எழுந்து பஸ் ஏறினாள்.

அன்று பகல் முழுக்க வானம் மூடிக் கிடந்தது, பெய்யவில்லை. பார்கவி மாடியில். மண்ணாள் தோட்டத்தில் குனிந்து ஈர மண்ணை அள்ளித் தன் வயிற்றுப் பள்ளத்தில் அப்பிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. காந்தா கிழவரை நிமிர்த்தி உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"விட்டேன்னு சொல்லணும் சார். நீங்க சொன்னாத்தான் அது கேக்கும். வேற வழி இல்ல."

அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் கண்கள் மூடி, திறந்தன. வலப்பக்கம் தொங்கிய கீழுதட்டை அவள் விரலால் தூக்கி மேற்பல்லோடு சேர்த்துப் பிடித்தாள். வி. காற்று வந்தது, எச்சில் வந்தது, சத்தம் வரவில்லை. துடைத்தாள். மறுபடி. வி. துடைத்தாள். அவள் தொடுவதை வெறுத்த வாய், அவள் விரலைத் தேடித் தேடித் திறந்தது. மத்தியானத்துக்குள் ஐந்து துண்டு நனைந்தது. ஒரு சொட்டுகூட மோவாயைத் தாண்டவிடாமல் அவள் துடைத்தாள். அவளது ஒரு கண் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றரை மணிக்கு முதல்முறையாக, கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "விட்..." என்று வந்தது. கிழவரின் கண்களில் நீர் கோத்தது. அவள் அவசரமாக அதையும் ஒற்றி எடுத்தாள்.

தோட்டத்தில் மண்ணாள் நிமிர்ந்து, வீட்டைப் பார்த்தபடி நின்றிருந்தது.

சனிக்கிழமை ஜெயநகரில் உறவுக்காரர்களின் கல்யாண வரவேற்பு. காந்தா ஒன்பது மணிவரை இருக்க வேண்டும் என்று பார்கவி சொல்லியிருந்தாள். பட்டுப்புடவையில் வாசற்படி இறங்கியவள் திரும்பி வந்து கதவை வெளியிலிருந்து பூட்டினாள். திங்கட்கிழமை நிற்கப்போகிறவள், நடுவில் விட்டுவிட்டு ஓடிப்போனால் என்ன செய்வது என்று அவள் ரகுராமிடம் சொல்வது கதவுக்கு அப்பால் கேட்டது. அவன் என்னவோ சொன்னான். கார் கிளம்பிப் போயிற்று.

ஐந்தரை மணிக்கு மழை பிடித்தது.

முதலில் மாமரத்தில் சலசலப்பு, பிறகு பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின்மேல் கைப்பிடி கைப்பிடியாகக் கடுகை எறிவது போன்ற சத்தம், பிறகு எல்லாச் சத்தங்களும் ஒன்றாகிப் பேச்சுக்கூடக் கேட்காத ஒரே இரைச்சல். கரண்ட் போயிற்று. சார்ஜ் விளக்கின் வெள்ளை ஒளியில் கட்டிலும் ஸ்டூலும் கிழவரின் முகமும் மட்டும் மிஞ்சின. நனைந்த சுண்ணாம்பு வாடை, நாப்தலின் வாடை, அதற்கெல்லாம் மேலே அந்த முதல் மழை வாசனை. வெளியிலிருந்து அல்ல, வீட்டுக்குள்ளிருந்து. கூடத்தில் கனமான காலடிகள். அது வேலையைத் தொடங்கியிருந்தது. ஜன்னல் இடுக்கில் சாரல் வரும் இடங்களில் ஈர உள்ளங்கை தேய்க்கும் சத்தம். சளக். சளக். சமையலறை ஜன்னல். பூஜையறை ஜன்னல். பின்கதவு.

காந்தா எட்டிப் பார்த்தபோது பின்கதவு கதவாகவே தெரியவில்லை. சட்டமும் தாழ்ப்பாளும் மண்ணுக்குள் போயிருந்தன. போனை எடுத்தாள். சிக்னல் இல்லை.

அறைக்குத் திரும்பி வந்தாள். மண்ணாள் இன்று எப்படியும் இந்த அறைக்கு வரும். கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு ஈரத்திட்டு அகலமாகிக்கொண்டிருந்தது. அது வந்து நிமிர்ந்து அதை அடைக்கும். அந்த நேரம், அதற்கு எதிரில், கிழவர் சொல்லிவிட்டால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

அவரை உட்காரவைத்தாள். முகத்தைத் துடைத்தாள். உதட்டைத் தூக்கிப் பிடித்தாள்.

"அது வந்ததும் சொல்லுங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

காலடி.

வாசற்படியில் அதன் உருவம் நின்றது. முன்பைவிட மெலிந்திருந்தது. விலாவிலும் தொடையிலும் அள்ளின பள்ளங்கள். உள்ளே நுழைந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, தன் இடுப்பிலிருந்து ஒரு பிடி மண்ணை வழித்தது. கையைக் கூரைக்கு உயர்த்தியது.

"இப்ப சார்."

"வி..."

கை நின்றது.

"விட்..."

மண்ணாளின் முகம் கீழே திரும்பியது. கேட்டது. அவளுக்குத் தெரிந்தது, அது கேட்டது. இவ்வளவு நாளில் யார் குரலுக்கும் திரும்பாத தலை, சாய்ந்து, காத்திருந்தது.

கிழவரின் கழுத்து நரம்புகள் புடைத்தன. நல்ல கை காற்றில் எழுந்தது. நெஞ்சு முழுவதையும் திரட்டி அவர் அந்தக் கடைசி எழுத்துகளைத் தள்ளினார். காற்று போதவில்லை. ஒற்றை மூக்கு கீச்சிட்டது. இருமல் வந்தது. இருமலோடு, வாயோரத்திலிருந்து, காந்தாவின் விரலைத் தாண்டி, நூலாய் ஒரு எச்சில் இறங்கி, அவர் மார்பில் விழுந்தது.

சொட்.

மழை இரைச்சலில் அது கேட்டிருக்க முடியாது. அவளுக்குக் கேட்டது.

மண்ணாளின் கை கூரையிலிருந்து இறங்கியது.

அவள் குறுக்கே பாய்ந்து கிழவரின் முகத்தைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். அது அவளை அடிக்கவில்லை, தள்ளவில்லை. நோயாளியைத் தூக்கக் கற்றுக்கொடுத்த அதே பக்குவத்தில் அவள் அக்குளில் கை கொடுத்து, தூக்கி, சுவரோரமாக நிறுத்தியது. அந்தக் கையின் குளிர் ரவிக்கையைத் தாண்டி எலும்புக்குப் போயிற்று. பிறகு குனிந்தது. கட்டைவிரலால் வாயோரத்தில் ஒரு தடவு. போதவில்லை. இன்னொரு தடவு. கிழவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். உதடுகள் "வி" என்று கூடின. கூடின உதடுகளின் மேல் உள்ளங்கை படிந்து, அழுத்தி, இடமிருந்து வலமாக ஒருமுறை போய் வந்தது.

கையை எடுத்தபோது அங்கே வாய் இல்லை.

அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அது அதையும் பார்த்தது. ஒன்று. பிறகு மற்றது. கடைசியில் மூக்கில் மிஞ்சியிருந்த அந்த ஒரு துவாரம்.

கீச்சொலி நின்றது.

காந்தா சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. கண்ணில் நீர் முட்டி நின்றது. இமைத்தால் வழிந்துவிடும். இமைக்கவில்லை. கண் எரிந்தது. மேலே கூரையைப் பார்த்தாள். மூக்கால் மூச்சு இழுத்தாள். மெதுவாக. இன்னும் மெதுவாக. மண்ணாள் அவள் முகத்துக்கு முன்னால் வந்து நின்று, ஈரமான கட்டைவிரலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணீர் கண்ணுக்குள்ளேயே வற்றியது.

அது திரும்பிக் கூரையை அடைக்கப் போயிற்று.

வாசலில் பூட்டு திறக்கும் சத்தம்.

பாலத்தடியில் தண்ணீர் நின்று ரோட்டை மூடியிருக்க வேண்டும், பாதியிலேயே திரும்பியிருந்தார்கள். கார் தெருமுனையோடு நின்றுவிட, நனைந்துகொண்டே ஓடி வந்திருந்தார்கள். கதவு திறந்ததும் கூடத்தில் பார்கவியின் குரல் கேட்டது.

"எமர்ஜென்சி லைட்ட கூடத்துல வெக்கப்படாதா? கண்ணே தெரியல."

இருவரிடமிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தலைமுடியிலிருந்து, மோவாயிலிருந்து, புடவைக் கரையிலிருந்து. அது மொசைக் தரையில் சொட்டுவது அறைவரைக்கும் கேட்டது. சொட். சொட் சொட். சொட்.

மண்ணாள் தலையைத் திருப்பியது.

ஓடுங்க என்று சொல்ல காந்தா வாயைத் திறக்கப் பார்த்தாள். திறந்தால் வார்த்தைக்கு முன்னால் அழுகை வந்துவிடும். அவளுக்கு அது தெரிந்தது. அது உண்மைதான். ஆனாலும், வெளியிலிருந்து பூட்டின அந்தக் கதவும் அந்தக் கணத்தில் அவள் நினைவில் இருந்தது. பற்களை இறுக்கிக்கொண்டாள். மண்ணாள் இரண்டு கைகளாலும் தன் நெஞ்சிலிருந்து வழித்தெடுத்துக்கொண்டு அவளைக் கடந்து கூடத்துக்குப் போனது.

பார்கவி என்னவோ கேட்க ஆரம்பித்தாள். பாதி வார்த்தையோடு நின்றது.

"நில்லு," என்றான் ரகுராம். "நில்லு. நான் சொல்றேன்."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பட்டுப்புடவை தரையில் உரசும் சத்தம். ஒரு நாற்காலி சாய்ந்தது. வாசல் கதவு சாத்தப்படும் சத்தம். மரத்தின்மேல், நிதானமாக, மேலிருந்து கீழாக, ஈர உள்ளங்கை. சளக். சளக்.

மழை விட்டபோது வீட்டில் எங்கேயும் ஒரு சொட்டுச் சத்தம் இல்லை.

மண்ணாள் இருவரையும் ஒவ்வொருவராகக் கையில் ஏந்தி வந்து கட்டிலுக்கு அருகே நாற்காலிகளில் உட்காரவைத்தது. நோயாளியை எப்படி உட்காரவைக்க வேண்டுமோ அப்படி. முதுகு நேராக. கைகள் மடியில். சார்ஜ் விளக்கு மங்கிக்கொண்டு வந்தது. மூன்று முகங்கள், அப்போதுதான் சக்கரத்திலிருந்து எடுத்த பானைகள் போல. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. மூச்சு எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாக வருகிறது என்று தெரியவில்லை. ஆனால் மூன்று நெஞ்சுகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒரே சீராக. நடுவில் இருந்த கிழவரின் முகத்தில், வாய் இருந்த இடத்தில், மண்ணுக்கு அடியில் ஏதோ மேலெழும்பி, பல்லைத் தேடி, தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. தாழ்ந்தது.

மண்ணாள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், பிசிறு இருந்த இடங்களைக் கட்டைவிரலால் தடவி வழவழப்பாக்கியது.

கதவுகளும் ஜன்னல்களும் அடைத்த வீட்டுக்குள் காற்று அசையவில்லை. புழுக்கம். காந்தா சுவரோடு சுவராக நின்றாள். மூச்சைக்கூட அடக்கி. இமைக்காமல்.

அவள் நெற்றியில், மயிர் தொடங்கும் இடத்தில், ஒரு துளி வியர்வை அரும்பி, கனத்து, புருவத்தை நோக்கி இறங்கத் தொடங்கியது.

மண்ணாள் நிமிர்ந்தது.